காப்பி அடித்த பக்கம் கையில் கிடைத்தால்: ஆசிரியர்களும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் இருபது ஆண்டுக்கு மேலாக வகுப்பெடுத்து வருகிறேன். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும், புராஜெக்ட் எல்லாம் பைண்டிங் ஆகி வரும் வாரத்தில், இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். ஸ்டாஃப் ரூமில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள் கேட்பார்கள். ஜெராக்ஸ் கடை வாசலில் மாணவர்கள் கேட்பார்கள். ஒன்றிரண்டு அப்பா அம்மாவும் கேட்டிருக்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

எழுத்துத் திருட்டு என்று எதைச் சொல்கிறோம்?

அடுத்தவருடைய வரி, கருத்து, கணக்கு, படம், அட்டவணை எதையாவது எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் நம்முடையதைப்போல வைப்பது. ஈயடிச்சான் காப்பி அதில் ஒரு வகை மட்டும்தான். அதைப் பிடிப்பதும் எளிது.

வகுப்பில் நான் கீழடியை வைத்து விளக்குவேன். ‘கீழடி சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறது’ என்று எழுதினால் யாரையும் மேற்கோள் காட்ட வேண்டாம். ஊருக்கே தெரிந்த செய்தி. ‘அங்கே கிடைத்த கரி மாதிரி ஒன்று கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது’ என்று எழுதினால், அதை நீங்கள் சோதனைக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் வந்தது என்று சொல்ல வேண்டும். ‘ஆகவே வைகைக்கரை நகர வாழ்க்கையின் காலத்தை நாம் நினைத்ததைவிட முன்னே கொண்டுபோக வேண்டும்’ என்று எழுதினால் அது ஒருவருடைய வாதம். யாருடையது என்று பெயரோடு வர வேண்டும். உங்களுடைய வாதமே என்றால், அதற்கு நீங்கள் என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பேன்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த மூன்றாவதில். வரியைத் திருடக் கூடாது என்பது தெரிகிறது. வாதத்துக்கும் சொந்தக்காரர் உண்டு என்பது தெரிவதில்லை.

சொற்களை மாற்றிப் போட்டுவிட்டால் போதாதா, சார்?

போதாது. ஓர் உதாரணம், நானே எழுதியது. ஒரு கட்டுரையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

‘வைகையில் வெள்ளம் வரும் சில நாட்களிலேயே நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தேவைதான் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களை ஒன்றோடொன்று இணைத்தது.’

மாணவர் எழுதுகிறார்:

‘வைகை ஆற்றில் வெள்ளம் பெருகும் சொற்ப நாட்களில் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும் அவசியமே மதுரையைச் சூழ்ந்த ஏரிகளை ஒன்றுடன் ஒன்று பிணைத்தது.’

எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. சட்டை மட்டும் வேறு. அதோடு, மதுரைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் கண்மாயை ‘ஏரி’ என்று எழுதினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அகராதியில் மாற்றுச்சொல் தேடியதன் அடையாளம் அது.

படித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதினால் இப்படி வரும்:

‘மதுரைக் கண்மாய்கள் ஏன் சங்கிலிபோல் அமைந்திருக்கின்றன என்பதற்கு இன்னார் சொல்லும் காரணம், வைகை ஆண்டில் சில நாட்களே பெருகி ஓடும் என்பது. எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த ஊர்க் கண்மாய்க்குத்தான் தண்ணீர் போகிறது; அதைப் பார்த்தால் இந்தக் காரணம் பொருந்துகிறது.’

இதில் இன்னாருக்கு உரியது எது, மாணவருக்கு உரியது எது என்று வாசிப்பவருக்குத் தெரிகிறது.

காப்பியைத் தேடும் மென்பொருள் 38 சதவீதம் என்று காட்டுகிறது. திருட்டு என்று முடிவு கட்டலாமா?

கூடாது. மென்பொருள் சொல்வது ஒப்புமையை மட்டும்தான். இந்த எழுத்தில் இவ்வளவு பகுதி வேறு எங்கோ இருக்கிறது, அவ்வளவே. ஏன் இருக்கிறது என்பதை ஓர் ஆள் உட்கார்ந்து படித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு முறை சங்க இலக்கிய ஆய்வேடு ஒன்று 40க்கு மேல் காட்டியது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பாட்டு. அகநானூற்று வரிகளை உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் நாம் வழக்கமாக அச்சிடும் முறையிலேயே கொடுத்திருந்தார் அந்த மாணவர். மென்பொருளுக்கு மேற்கோள் குறி இருந்தால்தான் அது மேற்கோள். குறிகளைப் போட்டுத் திரும்ப ஏற்றியதும் எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. அதே ஆண்டில் 6 சதவீதம் மட்டுமே காட்டிய இன்னொரு ஆய்வேட்டில், ஓர் ஆங்கிலக் கட்டுரையின் வாதம் முழுவதும் தமிழில் பெயர்த்து ஓர் இயலாக உட்கார்ந்திருந்தது. வரிசை மாறவில்லை, எடுத்துக்காட்டுகூட மாறவில்லை.

எண் சிறியது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பெரியது என்று பிள்ளையைக் கூப்பிட்டுத் திட்டியும் விடாதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) விதியில் என்ன இருக்கிறது?

2018 ஜூலையில் வெளிவந்த ஒழுங்குமுறை அது. ஆய்வேடுகளுக்கு நான்கு நிலை வைத்திருக்கிறது. ஒப்புமை 10 சதவீதம் வரை என்றால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், குறித்த காலத்துக்குள் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும்; அந்தக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய வடிவத்தையும் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

கணக்கில் சேர்க்கக் கூடாதவை என்றும் ஒரு பட்டியல் உண்டு: உரிய முறையில் காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டங்கள், நிலையான சமன்பாடுகள். பொது அறிவுச் செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் தொடரோ தொடர்ந்து 14 சொல் வரை இருந்தாலும் விட்டுவிடலாம். இந்த 14 எனக்குக் கொஞ்சம் உறுத்தும். ஆங்கிலத்தில் 14 சொல் என்றால் ஒரு நடுத்தர வாக்கியம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 14 சொல்லுக்குள் ஒரு பத்தியின் சாரத்தையே அடக்கிவிடலாம். ஆகவே தமிழ் ஆய்வேட்டில் இந்தச் சலுகையை அளவாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விசாரணைக்கு இரண்டு படி. முதலில் துறைக் குழு: துறைத்தலைவர், வேறு துறையிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர், மென்பொருள் நன்றாகத் தெரிந்த ஒருவர். அதற்கு மேல் கல்லூரி அல்லது பல்கலைக்கழக அளவிலான குழு. ஒவ்வொன்றுக்கும் 45 நாள் கெடு. குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் தண்டிக்க முடியாது. இந்தக் கடைசி வரியை மட்டும் அச்செடுத்து எல்லாத் துறைச் சுவரிலும் ஒட்டலாம்.

அப்படியானால் பி.ஏ., பி.காம். அசைன்மென்ட்டுக்கும் இதே தண்டனைதானே?

இல்லை. நிறையப் பேர், ஆசிரியர்கள் உட்பட, இதில்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2018 விதி பேசுவது முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளையும், வெளியிடும் கட்டுரை, நூல்களையும். அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட், கட்டுரைப் பயிற்சி, விடைத்தாள் இவற்றையெல்லாம் அந்த விதியே வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. இரண்டாம் ஆண்டு பி.காம். பிள்ளையிடம் போய் ‘யூஜிசி விதிப்படி உன் அட்மிஷனை ரத்து செய்வேன்’ என்று மிரட்டுவது சட்டப்படியும் தப்பு, மனசுப்படியும் தப்பு.

அதனால் இளங்கலைக்குத் துறையே ஒரு வழக்கம் வகுத்துக்கொள்ள வேண்டும். செமஸ்டர் தொடங்கும்போதே அதைச் சொல்லிவிடவும் வேண்டும். எங்களிடம் இருப்பது சின்ன ஏற்பாடு. முதல் முறை என்றால் ஒரு வாரம் அவகாசம், திரும்ப எழுதலாம், மதிப்பெண் குறையாது. அதே செமஸ்டரில் இரண்டாவது முறை என்றால் அந்த அசைன்மென்ட்டுக்குப் பூஜ்யம். மூன்றாவது முறை இதுவரை இரண்டே பேர். அவர்களைத் துறைத்தலைவரிடம் அனுப்பினோம். முதல் முறை மதிப்பெண் குறைக்காததற்கு ஸ்டாஃப் ரூமில் எதிர்ப்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் திருப்பி எழுதுவதே போதுமான தண்டனை என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கண்டுபிடித்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பக்கங்களை அச்செடுங்கள். மூலத்தையும் அச்செடுங்கள். ஒத்துப்போகும் இடத்தில் ஒரே நிறத்தில் கோடு போடுங்கள். அப்புறம் மாணவரைத் தனியாகக் கூப்பிடுங்கள்.

‘தனியாக’ என்பதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னால், உசிலம்பட்டிப் பக்கத்து மாணவி ஒருவர். வகுப்பில் வாயே திறக்காதவர். அவர் கொடுத்த கட்டுரை அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்குப் புத்தி போன போக்கைப் பாருங்கள், முழு வகுப்பின் முன்னால் தாளைத் தூக்கிப் பிடித்து, ‘ஏம்மா, இதை யார் எழுதிக் கொடுத்தது?’ என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மேசை மேல் ஒரு ரஃப் நோட்டை வைத்துவிட்டுப் போனார். அதே கட்டுரையை மூன்று முறை எழுதிப் பார்த்திருந்தார். முதல் முறை எழுதியதில் பாதி அடித்திருந்தது. மூன்றாவதில் ஓரத்தில் தனக்குத்தானே குறிப்பு: ‘இந்த இடம் சார் சொன்னது, பெயர் போடணும்.’

எந்த வகுப்பில் கேட்டேனோ அதே வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதன்பிறகு மூன்று ஆண்டும் என் வகுப்பில் அவர் முதல் பெஞ்சுக்கு வரவே இல்லை.

ஆகவே தனியாக. அதற்காகக் கதவை மூடிக்கொண்டும் வேண்டாம். துறையில் இன்னொரு ஆசிரியர் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கட்டும். குறிப்பாக மாணவி என்றால் ஒரு மேடம் கூட இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. ‘நீ திருடினாயா?’ என்று தொடங்காதீர்கள். இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்து, ‘இதை எப்படி எழுதினே, முதலிலிருந்து சொல்லுப்பா’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பாதிப் பேர் தாங்களே சொல்லிவிடுவார்கள். மிச்சப் பேரிடம் அவர்கள் எழுதியதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து அர்த்தம் கேளுங்கள். தெரியாத சொல்லை யாரும் மூன்று இடத்தில் சரியாகப் பயன்படுத்தியிருக்க முடியாது.

பேசி முடித்ததும் என்ன பேசினோம், என்ன முடிவு, எந்தத் தேதிக்குள் திரும்ப எழுத வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து ‘எனக்கு யாருமே சொல்லவில்லை’ என்ற பேச்சு வராது. நம் பக்கமும் ஒரு ஒழுங்கு இருக்கும்.

பெற்றோரைக் கூப்பிட வேண்டுமா?

முதல் தடவையிலா? வேண்டாம். வேலையை விட்டு ஒரு நாள் கூலியை இழந்து திருமங்கலத்திலிருந்தும் மேலூரிலிருந்தும் வருகிறவர்களிடம் மேற்கோள் குறியைப் பற்றி என்ன சொல்லப் போகிறோம்? ‘என் பிள்ளை திருடிட்டானாமே’ என்பது மட்டும்தான் அவர்கள் காதில் விழும். ஒரு பெண் பிள்ளையின் படிப்பே அதோடு நின்றுபோகக்கூடிய வீடுகளும் இருக்கின்றன.

ஏன்தான் இப்படிச் செய்கிறார்கள்? சோம்பேறித்தனம்தானே?

சோம்பேறித்தனமும் உண்டு. ஆனால் அதை முதல் காரணமாக நான் வைக்க மாட்டேன்.

பிளஸ் டூ வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று யோசித்துப் பாருங்கள். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண். சொந்தமாக எழுதினால் ‘பாயிண்ட் விட்டுப்போச்சு.’ நோட்ஸை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பவன்தான் வகுப்பில் முதல். பன்னிரண்டு வருடம் அப்படிப் பழகிவிட்டுக் கல்லூரி வாசலுக்குள் ஜூன் மாதம் நுழைகிறான். ஆகஸ்டில் அதே வேலைக்குத் திருட்டு என்று பெயர் வைக்கிறோம். நடுவில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது, ஆங்கிலம். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி பி.எஸ்சி., பி.காம். சேர்ந்த பிள்ளைக்கு ஒரு பத்தி ஆங்கிலம் சொந்தமாக எழுதுவது மலையேறுகிற மாதிரி. நெட்டில் இருக்கிற வாக்கியம் இலக்கணப் பிழை இல்லாமல் இருக்கிறது, அதையே போட்டுவிடுகிறான். தமிழ்நாட்டில் நிறையப் பல்கலைக்கழகத் தேர்வுகளில் தமிழிலும் விடை எழுத அனுமதி உண்டு. அசைன்மென்ட்டையும் ‘முதலில் தமிழில் எழுதிக் கொண்டு வா’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். காப்பி கணிசமாகக் குறைந்தது.

மூன்றாவது, நேரம். சாயங்காலம் ஜவுளிக்கடையிலும் ஓட்டலிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருக்கிறார்கள். ஐந்து பாடத்துக்கும் அசைன்மென்ட் கடைசித் தேதி ஒரே வாரத்தில் விழும். அதுவும் ஏப்ரலில், சித்திரைத் திருவிழாவும் செமஸ்டரும் முட்டிக்கொள்ளும் நேரத்தில். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரத்தில் மதுரையில் எந்தப் பிள்ளை உட்கார்ந்து கட்டுரை எழுதும்? தேதியைத் துறைக்குள் பேசிப் பிரித்து வைப்பது நம் கையில் இருக்கிறது.

தமிழில் எழுதியதை மென்பொருள் பிடிக்குமா?

யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில் இருந்தால், அதே வரி இணையத்திலோ தரவுத்தளத்திலோ யூனிகோடிலேயே இருந்தால், பிடிக்கும். சிக்கல் எழுத்துருவில். டிடிபி கடைகளில் இன்னமும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். திரையில் நமக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே கணினிக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கோவைதான். ஒப்பிட எதுவும் கிடைக்காமல் சுழியத்துக்குப் பக்கத்தில் எண் வரும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பைண்டிங் கடை வரைக்கும் அது இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. பழைய ஆய்வேடுகள் பல படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து எடுத்தாலும் மென்பொருள் கண்ணில் படாது.

நெறியாளர்கள் யூனிகோடு கோப்பைக் கேட்டு வாங்குங்கள். காந்திநகரில் உள்ள மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா இணையதளத்தில் நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஏராளமாக இருக்கின்றன. தலைப்பைப் போட்டு நீங்களே ஒரு மணி நேரம் தேடிப் பாருங்கள். ஒரே துறையில் இருபது வருடம் படித்த கண்ணுக்கு ‘இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே’ என்று தோன்றும். அதை நம்புங்கள், ஆனால் தேடி ஆதாரம் எடுத்த பிறகு பேசுங்கள்.

காசு கொடுத்து எழுதி வாங்கிய புராஜெக்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

மென்பொருளால் முடியாது, புதிதாக எழுதிக் கொடுக்கிறார்கள். வைவாவில், அதாவது நேரில் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வில்தான் முடியும்.

இந்த ஊருக்கு இது பழைய வழக்கு. திருவிளையாடல் கதையில் தருமிக்கு ஆயிரம் பொன் வேண்டும், பாட்டு எழுத வராது. சொக்கநாதரே எழுதிக் கொடுத்தார். ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு இன்றைக்கும் குறுந்தொகையில் இறையனார் பெயரில் இரண்டாவது பாட்டாக இருக்கிறது. சபையில் நக்கீரர், கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தருமியால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்க வேண்டும். ‘உன் முடிவுரையைச் சொல்லு’ என்றால் மனப்பாடம் செய்து வந்து ஒப்பித்துவிடுவார்கள். ‘இந்த அட்டவணையில் 50 பேர் என்று போட்டிருக்கிறாயே, அவர்களை எங்கே போய்ப் பார்த்தாய்? யார் பதில் சொல்ல மறுத்தார்கள்?’ என்று கேளுங்கள். உண்மையிலேயே மாட்டுத்தாவணியில் வெயிலில் நின்று கேள்வித்தாள் நிரப்பிய பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாது.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தால்?

2018 விதி வந்தபோது சாட்ஜிபிடி இல்லை. அது வந்தது 2022 நவம்பரில். அதனால் அந்த விதியில் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. துறைதான் முடிவு செய்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பயன்படுத்தினால் எங்கே குறிப்பிட வேண்டும் என்று.

‘இது இயந்திரம் எழுதியது’ என்று சொல்லும் கருவிகளை மட்டும் வைத்துத் தண்டிக்காதீர்கள். சாட்ஜிபிடியை உண்டாக்கிய நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இந்தக் கருவிகள் இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொன்னதைக் காட்டினார்கள். எளிய சொல், குட்டி வாக்கியம், ஒரே மாதிரி அமைப்பு: நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் அதுதானே? அநியாயமாக மாட்டப் போவது அவர்கள்தான்.

நான் பார்ப்பது வேறு. கொடுத்திருக்கும் நூல்கள் உண்மையில் இருக்கின்றனவா? அந்தப் பக்க எண்ணில் அந்தச் செய்தி இருக்கிறதா? இல்லாத நூலுக்கு ஆசிரியரும் பதிப்பகமும் ஆண்டும் போட்டு வருகிற பட்டியல்கள் இப்போது அடிக்கடி வருகின்றன.

அரசுடைமை நூல்களிலிருந்து எடுக்கலாம்தானே? காப்புரிமைதான் இல்லையே?

எடுக்கலாம், பெயரோடு. காப்புரிமை வேறு, இது வேறு. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுக்குப் பிறகு காப்புரிமை முடிகிறது. அரசுடைமை ஆக்கினால் அதற்கு முன்பே யாரும் அச்சிடலாம். பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு 1949இல் வாங்கியது. அதற்காக ‘காக்கைச் சிறகினிலே’ நான் எழுதியது என்று சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியோடு வந்த மாணவருக்கு அந்த ஒரு வரியிலேயே புரிந்துவிட்டது.

பெயர் சொல்லும் பழக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்ததும் இல்லை. ‘என்மனார் புலவர்’ என்று தொல்காப்பியர் எத்தனை சூத்திரத்தில் சொல்கிறார்! தனக்கு முன்னால் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்று அடிக்கு அடி சொல்லிக்கொண்டே போகிறார்.

நண்பன் கேட்டான், என் அசைன்மென்ட்டைக் கொடுத்தேன். எனக்கும் தண்டனையா?

எங்கள் துறையில் கொடுத்தவரும் திரும்ப எழுத வேண்டும். கொடுப்பது நட்பு என்று தோன்றும். உங்கள் தாளைக் காட்டுவதற்குப் பதிலாக அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள், யாரும் கேட்க மாட்டோம்.

எம்.ஏ. புராஜெக்ட்டில் நானே எழுதியதை முனைவர் பட்ட ஆய்வேட்டில் போடலாமா?

‘இது முன்பு இன்ன இடத்தில் எழுதியது’ என்று குறிப்பிட்டுப் போடலாம். சொல்லாமல் போட்டால் அதுவும் தப்பு. மானியக் குழு 2020 ஏப்ரலில் இதற்கென்றே ஓர் அறிவிப்பு வெளியிட்டது.

ஆசிரியர்களே செய்கிறார்களே, அதை யார் கேட்பது?

நியாயமான கேள்வி. கேட்ட மாணவர் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், பாவம்.

விதி ஆசிரியர்களுக்கும் உண்டு. வெளியிட்ட கட்டுரையில் ஒப்புமை 40 சதவீதத்தைத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதோடு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போய்விடும். இரண்டு ஆண்டு புதிய மாணவர்களுக்கு நெறியாளராக இருக்க முடியாது. 60ஐத் தாண்டினால் இரண்டு ஊதிய உயர்வும் மூன்று ஆண்டும்.

அது பெரிய விஷயம். தினப்படி நடக்கிற சின்ன விஷயத்தைச் சொல்கிறேன்: வகுப்பில் நாம் காட்டும் ஸ்லைடு. நெட்டிலிருந்து இறக்கிய படம், வேறொரு பேராசிரியரின் குறிப்பு, கீழே ஒரு பெயர் கிடையாது. ஐந்து வருடம் முன்பு வரை என் ஸ்லைடுகளும் அப்படித்தான் இருந்தன. மாணவர் ஒருவர் கேட்ட பிறகுதான் திருத்தினேன்.

பட்டம் வாங்கி வேலைக்கும் போய்விட்டால் பிறகு பயமில்லைதானே?

ஜெர்மனியில் அன்னெட் ஷாவன் 1980இல் முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். 2013இல், அவர் நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தபோது, பல்கலைக்கழகம் பட்டத்தைப் பறித்தது. சில நாளில் பதவியும் போயிற்று. நம் விதியிலும், பட்டம் கொடுத்த பிறகு தெரியவந்தால் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. ஆய்வேடுகள் எல்லாம் ஷோத்கங்காவில் திறந்து கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

காப்பி அடிக்கவே முடியாதபடி அசைன்மென்ட் கொடுக்க முடியுமா?

முழுக்க முடியாது. ஆனால் ‘சந்தைப்படுத்துதலின் வகைகளை விவரி’ என்று கேட்டுவிட்டுச் சொந்தமாக எழுது என்று சொல்வது நியாயமில்லை. அதற்குப் பதில் ஏற்கெனவே ஆயிரம் இடத்தில் எழுதி வைத்திருக்கிறது. அதையே ஆயிரத்தோராவது முறை சொந்தமாக எழுத அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

வணிகவியல் நண்பர் ஒருவர் இப்படிக் கொடுத்தார்: மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு ஐந்து நாள் போ. மல்லிகை கிலோ என்ன விலை என்று எழுது. அதில் ஒரு நாளாவது முகூர்த்த நாளாக இருக்க வேண்டும். விலை ஏன் அப்படி மாறியது என்று ஒரு வியாபாரியிடம் கேள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் தனக்கு ஏதாவது கூடுதலாகக் கிடைத்ததா என்று அவரையே கேள். அவர் சொன்னதையும் உன் பாடப்புத்தகம் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்.

ஐம்பது பேரில் ஆறு பேர் வீட்டிலிருந்தே விலையைக் கற்பனை செய்து எழுதினார்கள். பிடிபட்டுவிட்டார்கள், முகூர்த்த நாளில் விலை குறைந்ததாக எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் எழுதியதில் எழுத்துப்பிழை நிறைய இருந்தது. ஆனால் எதுவும் வேறொருவருடையதாக இல்லை. ஒரு மாணவியின் தாளில், வியாபாரி கேள்விக்குப் பதில் சொல்லாமல் ‘மொதல்ல நீ பூ வாங்கு’ என்று சொன்னதும் பதிவாகியிருந்தது.

வரலாறு என்றால் உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டு. தமிழ் என்றால் உங்கள் பாட்டி பாடும் தாலாட்டு. இயற்பியலுக்கு எனக்குத் தெரியாது, அந்தத் துறைக்காரர்கள் யோசிக்கட்டும்.

ஒரு வகுப்பில் அறுபது பேர். இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது?

அறுபது பேரையும் உட்கார வைத்துப் பேச முடியாது. சரி. தாள்களை வாங்கிய மறுநாள் சீட்டுக் குலுக்கி எட்டுப் பேரைக் கூப்பிடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். அவரவர் தாளில் ஏதாவது ஒரு பத்தியைக் காட்டி, ‘இதைச் சொந்த வார்த்தையில் சொல்லு, இது எங்கிருந்து கிடைத்தது?’ என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். யார் பெயர் வரும் என்று தெரியாததால் அறுபது பேரும் தங்கள் தாளை ஒரு முறையாவது படித்துவிட்டு வருவார்கள். குலுக்குவதற்கு நான் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். செமஸ்டர் தொடங்கும்போதே அதை மேசை மேல் வைத்துவிடுவேன்.